கண்ணாடியிழைப் பாயும் ரோபோவின் கையும்

பேட்டரி விலை, சார்ஜிங் நிலையங்கள், லித்தியச் சுரங்கங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் தானோட்டிக் கார்கள் என்று சொல்லியிருந்தேன். அங்கே போவதற்கு முன் அந்தக் கார்கள் உருவாகிற ஆலைக்குள் ஒருமுறை நுழைந்தே ஆகவேண்டும். ஏனென்றால், சாலையில் ஓட்டுநரை அகற்றப் பார்ப்பவர்களும் ஆலையில் தொழிலாளியை அகற்றப் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். இரண்டு இடத்திலும் ஒரே தவறுதான் நடந்திருக்கிறது என்பது என் வாதம். ஒரு வேலையை முழுதாகப் புரிந்துகொள்ளும் முன்பே அதை எந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். எந்திரத்தால் முடியாமல் மிஞ்சுவதை மனிதர் தலையில் கட்டுகிறார்கள்.

மின்சாரக் கார் தயாரிப்பாளர்களுக்கு இந்த ஆசை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. எஞ்சின் இல்லை, சைலன்சர் இல்லை, எரிபொருள் தொட்டி இல்லை, கியர்பாக்ஸும் மிக எளியது. பாகங்கள் குறைந்தால் வேலை குறையும், வேலை எளிதானால் ரோபோ செய்துவிடும் என்ற கணக்கு தாளில் சரியாகத்தான் வரும். டெஸ்லாவின் மாடல் 3 இந்தக் கணக்கின் மேல்தான் திட்டமிடப்பட்டது. லைனில் மனிதர்கள் நின்றால் உற்பத்தி மனித வேகத்துக்கு இறங்கிவிடும் என்று ஈலான் மஸ்க் வெளிப்படையாகவே பேசிவந்தார். 2017 ஜூலையில் முதல் 30 கார்கள் கைமாறின. அந்தக் காலாண்டில் 1,500 கார்கள் வரும் என்றார்கள், வந்தவை 260. வாரத்துக்கு 5,000 என்ற இலக்கு 2017 இறுதியிலிருந்து 2018 மார்ச்சுக்கும், அங்கிருந்து ஜூனுக்கும் தள்ளிப்போனது. ஆலைக்குள் பாகங்களைச் சுமந்து செல்லப் பின்னிப் பிணைந்து கிடந்த கன்வேயர் வலையை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தார்கள். வாகன நிறுத்துமிடத்தில் பெரிய கூடாரம் ஒன்றை அடித்து, சில வாரங்களில் இன்னொரு அசெம்பிளி லைன் போட்டு, அதில் ஆட்களை நிறுத்தினார்கள். ஜூன் கடைசி வாரத்தில்தான் 5,000 தாண்டியது. அதற்கு முன்பே, ஏப்ரலில், அளவுக்கு மீறித் தானியங்கிமயமாக்கியது தன் தவறுதான் என்றும், மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் மஸ்க் ட்விட்டரில் எழுதினார்.

இதுவரை பலரும் அறிந்த கதை. ஆலைக்குள் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. மாடல் 3இன் பேட்டரிப் பெட்டிக்கு மேலே, காரின் தரைத்தகட்டுக்குக் கீழே, பஞ்சு போன்ற கண்ணாடியிழைப் பாய்கள் சிலவற்றை ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை ரோபோவிடம் கொடுக்கப்பட்டது. கேமராவால் பார்த்து, கையால் எடுத்து, பசை தடவிய இடத்தில் வைக்கவேண்டும். இரும்புத் தகட்டை ரோபோ எடுக்கும். தகடு ஒவ்வொரு முறையும் அதே வடிவத்தில்தான் இருக்கும். பஞ்சு அப்படி இல்லை. நெளியும், மடியும், ஓரம் பிரியும். ரோபோ அதைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தது, லைன் நின்றுகொண்டே இருந்தது. பொறியாளர்கள் ரோபோவின் கை போகும் பாதையைச் சுருக்கினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், பசையை முழுப் பரப்பிலும் தடவாமல் சில இடங்களில் மட்டும் வைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் மஸ்க் அந்தப் பாய் எதற்கு என்று கேட்டார். பேட்டரிப் பிரிவினர் அது இரைச்சலைக் குறைக்க என்றார்கள். இரைச்சலைக் கவனிக்கும் பிரிவினரைக் கேட்டால் அது தீப்பிடிக்காமல் இருக்க என்றார்கள். பாய் வைத்த கார் ஒன்று, வைக்காத கார் ஒன்று, இரண்டிலும் மைக் வைத்து ஒலியைப் பதிவு செய்து கேட்டபோது எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. பாயை நீக்கிவிட்டார்கள். 2021இல் டெக்சாஸ் ராக்கெட் தளத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டே ஒரு வீடியோ பேட்டியில் மஸ்க் இதை விவரித்தார்.

ரோபோவின் தோல்வியைவிட, அந்தத் தோல்வி வெளிக்கொண்டுவந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பாயை ஒரு தொழிலாளி கையால் ஒட்டியிருந்தால் வேலை தடங்கலின்றி நடந்திருக்கும். பாய் தேவையற்றது என்பதும் தெரியாமலே போயிருக்கும். ஆகவே கையால் செய்வது உயர்ந்தது, எந்திரத்தால் செய்வது தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வேலைக்கு ஒரு வரிசை உண்டு என்பதுதான் பொருள். இது தேவையா என்று முதலில் கேட்கவேண்டும், தேவையற்றதை நீக்கவேண்டும், மிஞ்சியதை எளிமையாக்கவேண்டும், பிறகு வேகம் கூட்டவேண்டும், கடைசியில்தான் எந்திரத்திடம் கொடுக்கவேண்டும். மஸ்க்கே அதே பேட்டியில் இந்த வரிசையைச் சொல்லி, தான் அதைத் தலைகீழாகச் செய்ததாக ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் இந்த வரிசை 2018இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் 1983இல் ‘ஹால் 54’ என்ற கூடத்தைத் திறந்து, கோல்ஃப் காரின் இறுதி அசெம்பிளியில் சுமார் கால் பங்கை ரோபோக்களிடம் கொடுத்தது. பழுதுகள் பெருகின, அந்த அளவு தானியங்கிமயத்தை இறுதி அசெம்பிளியில் யாரும் நெடுங்காலம் தொடவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், ரோஜர் ஸ்மித் தலைமையில் அதே பத்தாண்டில் பல்லாயிரம் கோடி டாலரைப் புதிய ஆலைகளிலும் ரோபோக்களிலும் கொட்டியது. டெட்ராய்ட் ஹாம்ட்ராம்க் ஆலையில் பெயின்ட் அடிக்கும் ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றின் மேல் ஒன்று பெயின்ட் அடித்தன என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின.

அதே ஜெனரல் மோட்டார்ஸிடம் இதற்கு மறுபக்கமான சான்றும் இருந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் அவர்களுக்கு ஓர் ஆலை. தொழிலாளர்கள் வேலைக்கு வராத நாட்கள் அதிகம், தரம் மோசம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தீராத பகை. 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து, நம்மி என்ற பெயரில் அங்கேயே திறந்தார்கள். எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆட்களே. ரோபோக்களைக் கொண்டுவந்து குவிக்கவும் இல்லை. வேலை முறைதான் மாறியது. பழுதைக் காண்கிற எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். நிறுத்தியதற்காக யாரும் திட்டமாட்டார்கள், உதவிக்கு வருவார்கள். சிறிது காலத்திலேயே அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடும் நிலைக்கு வந்தது. இந்தப் பழக்கத்தின் வேர் டொயோட்டா குடும்பத்தின் தறிக் கூடத்தில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடி மீட்டர் மீட்டராகத் துணியைக் கெடுக்காது என்பதால் ஓர் ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929இல் வாங்கியது. கார் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் உதவியது. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து வாசகர்களுக்கு இழை அறுந்தால் நிற்கும் தறியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எந்திரம் எங்கே நிற்கவேண்டும், மனிதர் எங்கே வரவேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே முடிவாகியிருந்தது.

நம்மி 2010இல் மூடப்பட்டது. அதே ஆண்டு அந்த ஃப்ரீமான்ட் ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம் டெஸ்லா. கன்வேயர் வலையைப் பிடுங்கி எறிந்து, கூடாரம் அடித்து ஆட்களை நிறுத்தியது அங்கேதான். இடத்தையும் கூரையையும் வாங்கிவிடலாம்; அங்கே கால் நூற்றாண்டாகச் சேர்ந்த வேலையறிவு பத்திரப்பதிவில் கைமாறுவதில்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, அது 2018. இப்போது எந்திரப் பார்வை வெகுவாக முன்னேறிவிட்டது, சீன ஆலைகளைப் பாருங்கள் என்பது. பெய்ஜிங்கில் ஷாவ்மி தன் ஆலையிலிருந்து 76 விநாடிக்கு ஒரு கார் வெளியே வருகிறது என்கிறது. மெய்யான சாதனைதான். ஆனால் தகடு அழுத்துவது, வெல்டிங், பெயின்ட் ஆகியவை உலகெங்கும் பல பத்தாண்டுகளாகவே பெரும்பாலும் ரோபோக்களின் வேலை. அங்கே தானியங்கிமய விகிதம் உயர்வாக இருப்பதில் வியப்பில்லை. சிக்கல் எப்போதும் இறுதி அசெம்பிளியில்தான்: ஒயர்கள், இருக்கை, கூரைத் துணி, ரப்பர் பட்டை. மின்சாரக் காரிலும் இவை அப்படியே இருக்கின்றன. மாடல் எஸ் காருக்குள் சுமார் 3 கிலோமீட்டர் ஒயர் ஓடுகிறது, மாடல் 3இல் அதைப் பாதியாக்கினோம் என்று டெஸ்லாவே சொன்னது. எஞ்சின் போனாலும் நெளிகிற பொருட்கள் போகவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. டெஸ்லா பிறகு தானியங்கிமயத்தைக் கைவிடவில்லை, வென்றே காட்டியது. 2023இல் உலகிலேயே அதிகம் விற்ற கார் மாடல் ஒய்தானே என்பது. அந்த வெற்றி எப்படி வந்தது என்று பாருங்கள். மாடல் 3இன் பின்புற அடிச்சட்டத்தில் சுமார் 70 துண்டுகளை ரோபோக்கள் வெல்டு செய்தன. மாடல் ஒய்யில் ராட்சத அச்சு எந்திரத்தில் அலுமினியத்தை வார்த்து அதை ஒரே துண்டாக்கினார்கள். 70 துண்டுகளைப் பற்றவைக்க இன்னும் கெட்டிக்கார ரோபோவைத் தேடாமல், பற்றவைக்கும் வேலையையே பெருமளவு இல்லாமல் செய்தார்கள். எனவே இந்த வெற்றி என் வாதத்துக்கு எதிரானதல்ல. நீக்கிவிட்டு, எளிமையாக்கிவிட்டு, பிறகு எந்திரத்திடம் கொடுத்தால் எந்திரம் அற்புதமாக உழைக்கும்.

கூலி மலிவான நாட்டுக்குத்தான் இந்த வாதம் பொருந்தும் என்றும் சொல்லலாம். கூலி மிக உயர்ந்த ஜெர்மனியில், ஜின்டெல்ஃபிங்கன் ஆலையில், மெர்சிடிஸ் 2016இல் சில இடங்களில் பெரிய ரோபோக்களைக் குறைத்து ஆட்களைக் கூட்டியது. வாங்குகிறவர்கள் கேட்கும் மாறுபாடுகளுக்கு ஏற்ப ரோபோவை மாற்றியமைக்க ஆகும் நேரத்தில் மனிதர் வேலையை முடித்துவிடுவார் என்பது காரணம். டொயோட்டா, மிட்சுரு கவாயின் பொறுப்பில், சில இடங்களில் எந்திரம் செய்துவந்த வேலையை மறுபடி தொழிலாளர் கையில் கொடுத்தது. கையால் செய்து பார்த்தவருக்குத்தான் எந்திரத்தை எங்கே திருத்தவேண்டும் என்று தெரியும் என்பது அவர்கள் கண்டது.

இப்போது சாலைக்கு வரலாம். நம்மி ஆலையில் பொறியாளராகச் சேர்ந்த ஜான் கிராஃப்சிக், பிறகு எம்.ஐ.டி.யில் உலகின் பல கார் ஆலைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். உற்பத்தித் திறனையும் தரத்தையும் முதன்மையாகத் தீர்மானிப்பது எந்திரங்களின் எண்ணிக்கை அல்ல, நிர்வாக முறை என்பது 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம். அதே கிராஃப்சிக்தான் 2015இல் கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்துக்குத் தலைவரானார்; இன்று அதன் பெயர் வேமோ. நெடுஞ்சாலையில் கார் தானே ஓடும், தேவைப்பட்டால் மனிதர் கைகொடுக்கலாம் என்ற ஏற்பாட்டை 2013இல் கூகுள் ஊழியர்களிடமே சோதித்தது பற்றி அவர் 2017இல் பேசினார். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஊழியர்கள் செல்போனை நோண்டினார்கள், ஒப்பனை செய்துகொண்டார்கள், ஒருவர் தூங்கியேவிட்டார். கூகுள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

இது ஊழியர்களின் அலட்சியம் என்று ஒதுக்க முடியாது. பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983லேயே, கார்களை நினைத்தல்ல, ரசாயன ஆலை போன்றவற்றை மனதில்வைத்து இதை எழுதிவிட்டார். மனிதர் நம்பத்தகாதவர் என்று அவரை விலக்குகிற வடிவமைப்பாளர், தன்னால் தானியங்கியாக்க முடியாத வேலைகளை அவரிடமே விட்டுவைக்கிறார். மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதோ மனிதரால் மிகக் குறைவாக முடிகிற காரியம் என்றார். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணையை அடுத்து டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தது இந்த இடத்தில்தான். ஆட்டோபைலட் இயங்கும்போது ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்பது குற்றச்சாட்டு.

வேமோ வேலையைக் கத்தரித்துக்கொண்டது. 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் புறநகரில், வரைபடமாக்கிய குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும், ஓட்டுநர் இல்லாத காரைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. எல்லாச் சாலையிலும் ஓடும், மனிதர் கவனித்துக்கொள்ளட்டும் என்ற வழியில் நெடுங்காலம் போன டெஸ்லா, 2025 ஜூனில் ஆஸ்டினில் தானோட்டி டாக்சியைத் தொடங்கியபோது, அதுவும் வரையறுத்த பகுதிக்குள், முன்பக்கப் பயணி இருக்கையில் ஒரு கண்காணிப்பாளரை உட்காரவைத்துத்தான் தொடங்கியது. அந்த இருக்கையில் அமர்பவரின் வேலை என்ன, விபத்தென்றால் சட்டம் யாரைக் கேட்கும் என்பதை 2018இல் அரிசோனாவின் டெம்பே நகரில் நடந்த விபத்தையும் அதன் வழக்கையும் வைத்து அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)