ஏழூர் நடை: பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் ஒரு காலைப்பொழுது

சித்திரை மாதம், விசாக நட்சத்திரம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரின் கண்ணாடிப் பல்லக்கு புறப்படுகிறது. பின்னால் ஊரே நடக்கிறது. குழந்தையைத் தோளில் போட்ட தாய், பேரனின் கையைப் பிடித்த தாத்தா, தூக்குவாளியில் கட்டுச்சோறு சுமந்த அத்தை என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்னும் திருநெய்த்தானம் ஆகிய ஆறு ஊர்களையும் சுற்றிவிட்டுப் பல்லக்கு திருவையாறு திரும்பும். ஏழூர்ப் பல்லக்குகளும் கூடும் இடத்தில் பொம்மை பூப்போடும். ஏட்டில் இதற்குப் பெயர் சப்தஸ்தானம். ஊரார் வாயில் 'ஏழூர்'.

பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குத் திருமணம். அந்தக் கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லத்தான் ஐயாறப்பர் மணமக்களோடு வருகிறார் என்பது ஐதீகம். திருச்சோற்றுத்துறை சோறு போட்டது. திருப்பழனம் பழம் தந்தது. பூந்துருத்தி பூவும், நெய்த்தானம் நெய்யும் தந்தன. வேதிகுடியிலிருந்து வேதியர் வந்தனர். கண்டியூரிலிருந்து அணிகலன் வந்தது. நெல், வாழை, பூ, பால்மாடு எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் விளைந்த ஒரு வட்டாரத்தின் கணக்கு இந்தக் கல்யாணக் கதைக்குள் இருக்கிறது.

இந்த வழியில் நடக்கத் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முழுச் சுற்றும் நடக்க வேண்டியதும் இல்லை. ஆனால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது நடக்க வேண்டும். பள்ளி வேனில் ஏறி, வேனில் இறங்கும் பிள்ளைக்குத் தன் வீட்டு வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரிவதில்லை. பட்டாவில் சர்வே எண் இருக்கும். மடையின் பெயரும், முறைத்தண்ணீர் யாருக்குப் பிறகு யாருக்கு என்பதும், எந்த மூலை பள்ளம், எந்த மூலை மேடு என்பதும் அதில் இருக்காது. பெரியவரோடு நடந்தால்தான் அது சின்னவருக்கு வந்துசேரும்.

எங்கே நடக்கலாம்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கி.மீ. பஸ்ஸில் ஜன்னலோரம் பிள்ளையை உட்காரவைத்து ஆறுகளை எண்ணச் சொல்லுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்தும் வரிசையாக வரும். ஐயாறு என்ற பெயருக்கு இதையே காரணமாகச் சொல்வது வழக்கம்.

திருவையாறு – தில்லைஸ்தானம்: சுமார் 2 கி.மீ. சின்னப் பிள்ளைகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றது. புஷ்ய மண்டபப் படித்துறை, தியாகராஜர் சமாதி இரண்டையும் பார்த்துவிட்டுக் காவிரியின் வடகரையோடு மேற்கே போகலாம். ஆற்றை ஒட்டிய படுகை நிலத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மாவு போல நெருடும் அந்த வண்டலை வெள்ளம் கொண்டுவந்து சேர்த்தது. வாழை இங்கே செழிப்பதற்கு அதுவே காரணம். திரும்பி வந்ததும் திருவையாற்று அசோகா வாங்கிக் கொடுத்தால் அடுத்த நடைக்குப் பிள்ளை தானே கிளம்பும். பாசிப்பருப்பில் செய்யும் இனிப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

திருவையாறு – கண்டியூர்: சுமார் 3 கி.மீ. காவிரி, குடமுருட்டி என்று இரண்டு ஆறுகளையும் பாலத்தில் கடக்கலாம். பஸ் போகும் சாலை என்பதால் வலது ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும்.

திருவேதிகுடி – திருச்சோற்றுத்துறை: கண்டியூருக்குக் கிழக்கே, இருபுறமும் நெல்வயல். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள அதிகம் உள்ள பாதை இது.

எந்த மாதம் நல்லது? தை, மாசி. வெயில் கடுமை இல்லை. சம்பா அறுவடையும் உளுந்து, பயறும் ஒருசேரக் கண்ணில் படும். ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் பார்க்கலாம். காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

வழியில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

*"ஏம்ப்பா, ஆத்துல தண்ணியே இல்ல?"*

1934 முதல் இந்த ஆற்றுக்கு மேட்டூர் அணைதான் சாவி. அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டியும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. சித்திரையில் மேலே மணல் காய்ந்தாலும் அடியில் ஊற்று இருக்கும். ஃபில்டர் பாயின்ட் போட்டவர்கள் அந்த நீரை இறைத்துத்தான் முன்பட்டக் குறுவை வைக்கிறார்கள்.

*"இது நெல்லா, புல்லா?"*

பெரியவர்களே தடுமாறும் கேள்வி. இளம் நாற்றும் குதிரைவாலிப் புல்லும் ஒன்றுபோல இருக்கும். இலையும் தண்டும் சேரும் இடத்தை மெல்ல விலக்கிப் பார்த்தால் நெல்லில் வெள்ளையாக, நாக்கு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு தெரியும். குதிரைவாலியில் அது இருக்காது. ஒருமுறை கையால் பார்த்த பிள்ளை மறக்காது. பிறகு களை எடுக்கும்போது நம்பி வயலில் இறக்கலாம்.

*"தண்ணி பாய்ச்சாம உளுந்து எப்படி வருது?"*

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். மெழுகுபதத்தில் இருக்கும் ஈரத்தில் முளைத்து, மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்துவிடும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். கிள்ளி எடுத்துப் பார்க்காமல், பிடுங்கிப்போட்ட செடி கிடந்தால் அதன் வேர்முடிச்சைக் காட்டுங்கள்.

*"வயலுக்குள்ள வில்லு மாதிரி என்னமோ இருக்கே?"*

அது எலிக் கிட்டி. மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டிக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. பிள்ளைகள் தொடக் கூடாது, தெறித்தால் விரலைப் பதம் பார்க்கும். பக்கத்திலேயே குச்சி நட்டிருந்தால் அது பறவைகள் உட்கார. இரட்டைவால் குருவி அதில் அமர்ந்து பூச்சியைப் பிடிக்கும். இரவில் ஆந்தை வந்து எலியைப் பார்த்துக்கொள்ளும். மருந்துச் செலவு இல்லாத கூலியாட்கள்!

கவனிக்க வேண்டியவை

• தண்ணீர் திறந்த பிறகு பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். மணல் எடுத்த பள்ளம் நீருக்கடியில் தெரியாது. கணுக்கால் ஆழம் என்று வைத்த அடி ஆளையே விழுங்கும் ஆழத்தில் போய் நிற்கும். ஆடிப்பெருக்கன்றும் படித்துறையில் கையைப் பிடித்தே நிற்க வேண்டும்.

• நாற்றங்காலில் கால் வைக்கக் கூடாது. அண்டை வெட்டிச் சேறு பூசிய புது வரப்பில் நடந்தால் அது உடைந்து தண்ணீர் வீணாகும். வயல்காரரைக் கண்டால் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

• மருந்து தெளிக்கும் வயலைக் கண்டால் காற்று வரும் பக்கமாக விலகிப் போங்கள். வரப்பில் கிடக்கும் காலி டப்பாவைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது.

• புல் மண்டிய வரப்பில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். கையில் கம்பு இருக்கட்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• மோர், தண்ணீர், தொப்பி அவசியம். கொண்டுபோகும் பிளாஸ்டிக் வீட்டுக்கே திரும்பட்டும். வாய்க்காலில் போட்டால் அது கடைமடைக்காரரின் மதகில்தான் போய் அடைக்கும்.

உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள்

திருவையாறு வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வயலிலிருந்து கிளம்புங்கள். பிள்ளை முன்னால் போகட்டும். மடையிலிருந்து கன்னிவாய்க்கால், கன்னிவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்கால், அங்கிருந்து ஆற்றின் தலைப்பு மதகு வரை தண்ணீர் வந்த வழியே எதிர்த்து நடங்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறது என்பதும் கண்ணில் படும். தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்க அது உதவும். வழியில் இருக்கும் ஒவ்வொரு மடையின் பெயரையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் அந்த வழியைப் பிள்ளையே வரையட்டும். மடை, மதகு, மரம், களம் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதட்டும். பட்டாவும் சிட்டாவும் இருக்கும் பெட்டியிலேயே அந்தக் காகிதத்தையும் வையுங்கள்.