சிறுநீரகம் சொன்னால்தான் ரத்தம் ஊறும்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் மதகு திறந்தால்தான் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர். மதகு மூடிக் கிடந்தால் வயல் எவ்வளவு வளமாக இருந்தும் பயனில்லை. எலும்பு மஜ்ஜைக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவும் அப்படித்தான். சிவப்பணுக்கள் மஜ்ஜையில் பிறக்கின்றன. ஆனால் அவற்றை உண்டாக்கச் சொல்லும் உத்தரவு சிறுநீரகத்திலிருந்து போகிறது. அதைச் சுமந்து செல்லும் ஹார்மோனின் பெயர் எரித்ரோபாய்ட்டின்.

நர்சிங் பாடத்தில் ரத்தசோகை ஓர் அத்தியாயம், நாளமில்லாச் சுரப்பிகள் இன்னொன்று, சிறுநீரகச் செயலிழப்பு வேறொன்று. வார்டிலோ ஒரே கட்டிலில் மூன்றும் சேர்ந்து படுத்திருக்கும். பல வருடமாகச் சர்க்கரை உள்ள ஒரு விவசாயி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது, ஹீமோகுளோபின் 8. “ரத்தம் கம்மி, சத்து மாத்திரை போதும்” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இரும்புச்சத்துக் குறைவென்றால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இவருக்கோ அணுக்களின் அளவும் நிறமும் சரியாக இருக்கின்றன, எண்ணிக்கைதான் குறைவு. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. கிரியாட்டினின் பார்த்தால் ஊரில் சொல்கிற மாதிரி ‘உப்பு’ ஏறியிருக்கிறது.

சிறுநீரக நுண்குழாய்களுக்கு இடையே இருக்கும் சில செல்கள் ஆக்சிஜன் அளவை இடைவிடாமல் கவனிக்கின்றன. குறைந்தால் ஹார்மோனைக் கூட்டும். ஆக்சிஜனைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நாள்பட்ட சிறுநீரக நோயில் அந்தச் செல்கள் தழும்பாகிப் போகின்றன. உத்தரவு குறைந்துவிடுகிறது. வழக்கமாக 120 நாள் வாழும் சிவப்பணு, கழிவு தேங்கிய ரத்தத்தில் அதற்கும் முன்பே மடிகிறது.

இந்த ஹார்மோனைக் கையில் பிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1957-இல் சிகாகோவில் ஜேக்கப்சன், கோல்ட்வாசர் குழுவினர் எலிகளில் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். சிறுநீரகத்தை எடுத்தபோதுதான் ஹார்மோன் சுரக்கவில்லை. அதைத் தூய வடிவில் பிரித்தெடுக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிவகுத்தவர்கள் ஜப்பானில் மஜ்ஜை செயலிழந்த நோயாளிகள். மஜ்ஜை பதில் தராததால் சிறுநீரகம் மேலும் மேலும் உத்தரவு அனுப்ப, அவர்களின் சிறுநீரிலேயே ஹார்மோன் நிறைந்திருந்தது. அப்படிச் சேர்த்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம்களே தேறின. 1989-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

இன்று டயாலிசிஸ் பிரிவில் நீங்கள் போடும் ஊசி அதுதான். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். குலுக்கினால் அந்தப் புரதம் கெட்டுவிடும். பிரஷர் பார்க்காமல் போடக் கூடாது, ஏனென்றால் இது பிரஷரை ஏற்றும். ஹீமோகுளோபினை 13-க்கு மேல் கொண்டுபோனால் பக்கவாத அபாயம் கூடுகிறது. இரும்புச்சத்து இருப்பில் இல்லாவிட்டால் ஊசி வேலை செய்யாது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட பிஸ்டுலா உள்ள கையில் விரலை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பட்டையும் வேண்டாம், ரத்தம் எடுப்பதும் வேண்டாம்.

சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெடுவதும் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளிடமும், மத்திய அமெரிக்கக் கரும்பு வெட்டுவோரிடமும் இது பரவலாகக் காணப்பட்டது. வெயிலில் நீர் வற்ற வேலை செய்வது ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. அதனால் காட்டு வேலை செய்பவர் யார் வந்தாலும் இரண்டைக் கேளுங்கள்: வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், உடம்பு வலிக்கு மெடிக்கலில் என்ன மாத்திரை வாங்கி எத்தனை நாளாகப் போடுகிறார். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. கேட்டுவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். சர்க்கரையால் சிறுநீரகம் கெடும்போது, கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.