கழுதைக்கும் ஒரு வைத்தியசாலை

மன்னார்த் தீவுக்குப் புதிதாக வருவோர், பாலத்தைக் கடந்து, 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையைப் பார்த்து முடிப்பதன் முன்னரே கழுதைகளைக் கண்டுவிடுவர். கடைத்தெருவின் நடுவே அவை நிற்கும். மதில் நிழலிலே படுத்திருக்கும். வாகனங்களின் ஊதுகுழல் ஒலிக்கு ஒரு செவியைமாத்திரம் அசைத்துவிட்டு மீண்டும் யோகத்தில் அமர்ந்துவிடும். பட்டினத்தை விட்டு வெளியே சென்றால், பனங்கூடல்களின் இடையிலும், ஓலைத்தொடுவாய் முதலிய ஊர்களின் மணற்பரப்பிலும் இரண்டும் மூன்றுமாக மேயும். உடையவர் யார் என்று வினவின் ஒருவரும் விடை கூறார். பெரும்பாலானவற்றுக்கு உடையவர் இல்லை.

ஓலைத்தொடுவாய் என்னும் பெயரின் அழகு என் போன்ற பண்டிதர்களை ஒரு கணம் நிறுத்திவைக்கும். கடலும் கழியும் தொட்டுக்கொள்ளும் வாய் தொடுவாய் எனலாம். ஓலை பனையின் கொடை. நெய்தலையும் பனையையும் ஒரு பெயருக்குள் அடக்கிவிட்டனர் அவ்வூர்க்குப் பெயரிட்டோர். இன்று தீவின் தென்கரையிலே, 2020ஆம் ஆண்டு டிசெம்பரிலே திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’க் காற்றாலைகள் முப்பதும் வானளாவி நிற்கின்றன. அந்த நெடிய தூண்களின் நிழலிலே கழுதை மேயும் காட்சி, வெவ்வேறு காலங்கள் ஒரு மேய்ச்சல் தரையிலே சந்தித்தாற் போன்றது.

கழுதை இம்மண்ணிலே தோன்றிய விலங்கன்று. ஆபிரிக்கக் காட்டுக் கழுதையே அதன் மூதாதை. ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர், கிழக்கு ஆபிரிக்காவிலே மனிதன் அதனைப் பழக்கினான் என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. மன்னாருக்கு அதனைக் கொணர்ந்தோர் அரபு வணிகர் என்பது செவிவழிச் செய்தி. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைக் கொணர்ந்தோரும் அவர்களே என்பர். அதுவும் ஆபிரிக்க மரமே. ஒரே மரக்கல மரபிலே வந்த இரண்டு விருந்தினருள், மரத்தைப் பார்ப்பதற்குப் பிரயாணிகள் தொலைவிலிருந்து வருகின்றனர். மற்றையது நீரும் விறகும் மீனும் சுமந்தது. உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் வந்தபின் சுமை இறங்கிற்று. சுமையோடு சோறும் இறங்கிற்று.

இடையிலே போர். 1990ஆம் ஆண்டிலே தீவின் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். உயிரையும் குழந்தைகளையும் கையிற் பிடித்துக்கொண்டு போனவர்களுள், வளவிலே நின்ற கழுதையைக் கூட்டிச் செல்ல யாரால் முடியும்? வீடும் வேலியும் அற்று நிற்பது யாது என்பதை இத்தீவு மக்களுக்குப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை.

தமிழர் கழுதையை இழித்தே பேசினர் என்று கொள்வது அரைகுறைக் கல்வி. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து, சுங்கங் கொள்ளும் பெருவழியிலே வணிகச் சாத்தோடு செல்லும் கழுதைகளைக் காட்டுகின்றது. காட்டும்போது, சுமை அழுத்தி வடு ஆழ்ந்த முதுகையும் மறவாது காட்டுகின்றது. சுங்கங் கொண்டோன் பொதியைக் கண்டான்; புலவர் வடுவைக் கண்டார். தொல்காப்பிய மரபியலோ, யானை, குதிரை, ஆன் என்பவற்றின் இளமைக்கு உரிய ‘கன்று’ என்னும் பெயரைக் கழுதைக்கும் உரியதாக்குகின்றது. நாம் ‘கழுதைக்குட்டி’ என்கின்றோம். அதுவும் பெரும்பாலும் நம் பிள்ளைகளை ஏசும்போதுதான். (வகுப்பறையிலே அச்சொல்லைக் கைவிடுமாறு சக ஆசிரியர்களை நான் வேண்டுவதுண்டு. பிள்ளைக்காக மாத்திரமன்று.)

மறுபக்கமும் உண்டு. பகைவர் நாட்டைக் கைக்கொண்ட வேந்தர் அங்கே கழுதை பூட்டி உழுவித்து இழிவுசெய்தமையைப் புறநானூற்றின் 15ஆம் பாட்டும் 392ஆம் பாட்டும் கூறும். பிற்காலத்தார் அதனை மூதேவியின் ஊர்தியாக்கினர். கர்ப்பூர வாசனை பற்றிய பழமொழியைக் கூறாத வாயே தமிழகத்தில் இல்லை. கர்ப்பூரத்தை முகர்ந்து கழுதைக்கு ஆவது யாது என்று மாத்திரம் ஒருவரும் கேட்டிலர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக என் நெஞ்சிலே நிற்பது நக்கீரர் பாடிய அகநானூற்று 120ஆம் பாட்டு, திணை நெய்தல். தலைவன் ஊர்ந்துவந்த அத்திரி, அஃதாவது கோவேறு கழுதை, கழியிலே சுறா எறிந்தமையாற் காலிற் புண்பட்டு, நடை மெலிந்து நிற்கின்றது. இந்நிலையில் இரவிலே செல்லாது எம் ஊரிலே தங்கிச் சென்றாற் கெட்டுப்போவது உண்டோ என்று தோழி அவனை வினவுகின்றாள். இது தலைவியின் பொருட்டுத் தோழி செய்த சூழ்ச்சி என்று உரைப்பர், மெய்யே. ஆயினும், அச்சூழ்ச்சிக்கு அவள் கைக்கொண்ட காரணம் ஒரு விலங்கின் புண் ஆயிற்று. புண்ணைச் சுட்டினால் கேட்போன் மறுக்கமாட்டான் என்பது அவள் துணிபு. சங்ககால நெய்தற் கரையிலே செல்லுபடியான அக்காரணம் இன்றைய மன்னார்க் கரையிலே செல்லுபடியாகுமா என்பதே நம் முன்னுள்ள வினா.

செல்லும் என்று காட்ட முற்பட்டோர் உளர். அவுஸ்திரேலியாவிலே தோன்றிய ‘பிரிட்ஜிங் லங்கா’ என்னும் தொண்டு நிறுவனத்தார் போரின் பின்னர் மன்னாரிலே பணிசெய்ய வந்து, பல பணிகளுள் ஒன்றாகக் கழுதைகளுக்கென ஒரு வைத்திய நிலையமும் கல்வி நிலையமும் அமைத்தனர். சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிட்டு அவர்தம் அச்சம் நீக்குவதும் அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. கழுதைக்கு வைத்தியசாலையா என்று நகைத்தோர் பலர். நகைத்தோர் அதன் நோய்களை அறியார்.

வீதியிலே இரவிற் படுத்திருக்கும் கழுதையை வாகனம் மோதுகின்றது. முறிந்த காலோடு அது பற்றைக்குள் ஒதுங்குகின்றது. கழுத்திலோ காலிலோ இட்ட கயிறு அவிழ்க்கப்படாது தசைக்குள் இறங்குகின்றது. வறட்சிக் காலத்திலே புல் இல்லை. சந்தைக் குப்பையிலே சோற்று மணம் ஏறிய சொப்பின் பைகள் உண்டு. பையோடு சேர்த்து விழுங்கினால், அது குடலிலே திரண்டு அடைத்து விலங்கை வயிற்றுவலியாற் கொல்லும். குளம்பின் கதை வேறு. கரடான வறண்ட நிலத்திலே நடந்து தேய்வதற்கென அமைந்த குளம்பு மென்மணலிலே வேண்டுமளவு தேயாது, வளர்ந்து வளைந்துவிடும். ஆறு முதற் பத்துக் கிழமைக்கு ஒருமுறை அதனைச் சீவவேண்டும். சிறு புண்ணிலும் ஏற்புவலி தொற்றலாம். குதிரை இனத்துக்கு அந்நோய் எளிதிலே பற்றும்.

இவையெல்லாவற்றினும் கொடியது அதன் பொறுமை. வலியைக் கழுதை வெளிக்காட்டாது. நாய் ஊளையிடும்; ஆடு கதறும்; கழுதை தலையைத் தாழ்த்தி நிற்கும், அவ்வளவே. தலை தாழ்த்தி நிற்பதை மந்தம் என்று கருதி நாம் கடந்து போகின்றோம். அது தீனை மறுத்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்பது பொருள். உண்ணாத கழுதையின் உடற்கொழுப்பு உருகிக் குருதியிலே கலந்து ஈரலைக் கெடுக்கும். சில நாள்களில் உயிர் போகும். ஆதலின், வளர்ப்போன் முதலிற் கற்கவேண்டியது, பேசாத ஒன்றின் நிலையை அதன் நிற்கையிலிருந்து உணர்வது.

இங்கேதான் ‘தத்தெடுத்தல்’ என்னும் சொல்லை எடைபோட வேண்டியிருக்கின்றது. இங்கிலாந்திலே, டெவன் மாகாணத்துச் சிட்மத்தில், எலிசபெத் சுவெண்ட்சன் என்னும் அம்மையார் 1969ஆம் ஆண்டிலே தொடங்கிய கழுதைப் புகலிடம் உலகப் புகழ் வாய்ந்தது. அவர் 2011இல் மறைந்தபோதும் அப்பணி நிற்கவில்லை. அங்கே தத்தெடுத்தல் என்பது பெரும்பாலும் பணம் அனுப்புவது. கழுதை புகலிடத்திலேயே இருக்கும், அதன் படம் வீட்டுக்கு வரும். நல்லதே. ஆனால் நம் வழக்கிலே தத்து என்பது படத்தைச் சுவரிலே மாட்டுவதன்று. பிள்ளையைக் குடிக்குள் கொள்வது. அப்புகலிடத்தார் வீட்டுக்குக் கழுதையைக் கொடுக்கும்போது ஒன்றைத் தனியே கொடார், இரண்டாகவே கொடுப்பர். துணை பிரிந்த கழுதை தீன் மறுக்கும் என்பதே காரணம். 25, 30 ஆண்டுகள் வாழக்கூடிய விலங்கு அது. ஐம்பதைக் கடந்த என் போன்றோர் ஒரு கழுதையை ஏற்பதாயின், தமக்குப் பின் அதனை யார் பார்ப்பர் என்பதையும் எண்ணியே ஏற்றல் வேண்டும்.

மனிதருக்கே மருந்தில்லாத ஊரிலே கழுதைக்கு மருந்தா என்று கேட்போரை நான் கல்நெஞ்சர் என்று கூறேன். அவர்கள் கேள்வி நேர்மையானது. கடற்றொழில் பொய்த்த வீட்டிலே தவிட்டுக்கும் மருந்துக்கும் காசு எங்கே? ஆயினும், இரண்டினுள் ஒன்றையே தெரியவேண்டும் என்னும் நிலை இயற்கை விதித்ததன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அசோகன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குக்கும் ஆகிய இருவகை வைத்தியம் தன் நாட்டிலும், சோழர் பாண்டியர் நாடுகளிலும், தம்பபண்ணி வரையிலும் அமைக்கப்பட்டதாகக் கூறுகின்றது. தம்பபண்ணி இவ்விலங்கைத் தீவே. அதன் பெயரை நினைவூட்டும் காற்றாலைகள் நம் கரையிலே எழுந்துவிட்டன. சாசனத்தின் எஞ்சிய பகுதியையும் நினைவிற் கொள்ளலாம். சட்டம் பேசுவோர்க்கு 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டம் உண்டு. அது விதித்த குற்றப்பணம் நூறு ரூபாய். அத்தொகையின் இன்றைய பெறுமதியை வாசகரே கணித்துக்கொள்க.

உலகின் பல நாடுகளிலே கழுதை குறைந்துவருகின்றது. இந்தியக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் 3.2 இலட்சமாயிருந்த கழுதைகள் 2019இல் 1.2 இலட்சமாயின. தோலைக் காய்ச்சிச் சீன மருந்துப் பசை செய்யும் வாணிகம் ஆபிரிக்காவை வெறுமையாக்கத் தொடங்க, 2024ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஆபிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை கொல்வதைத் தடுக்கத் தீர்மானித்தது. இந்நிலையிலே மன்னார்த் தெருக்களில் ஒரு மந்தை எஞ்சியிருப்பது சிறு செய்தியன்று.

ஓலைத்தொடுவாயில் என் பழைய மாணாக்கன் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். வளவின் ஓரத்திலே, கிடுகுப் பந்தலின் கீழ், பின்னங்கால் ஒன்று சற்றே வளைந்த பெட்டைக் கழுதை நின்றது. வாகனம் மோதி வீதியோரத்திலே கிடந்ததை அவனும் தம்பியுமாக உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொணர்ந்தனராம். கால்நடை வைத்தியர் வந்து புண்ணைத் தைத்து, மருந்து கட்டி, ஏற்புவலிக்கு ஊசியும் ஏற்றிவிட்டுப் போனார். கட்டை நாள்தோறும் மாற்றும் பொறுப்பு அவன் தாயாருடையதாயிற்று.

“தொடக்கத்திலே எனக்கு விருப்பமில்லை, ஐயா. ஊர் சிரிக்கும் என்று ஏசினேன்,” என்றார் அவ்வம்மையார். “மூன்று நாளாய் ஒன்றும் தின்னவில்லை. செத்துவிடும் என்றே நினைத்தோம்.”

“பிறகு எப்படித் தின்றது?” என்றேன்.

அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மற்றொரு கழுதை படுத்திருந்தது. உடலிலே ஒரு குறையுமில்லை. காயம்பட்டதைக் கொணர்ந்த அன்றிரவே அது பின்தொடர்ந்து வந்து படலையடியிலே நின்றதாம். கல்லெறிந்தும் போகவில்லை. மூன்றாம் நாள் மாலையிலே அம்மையார் படலையைத் திறந்துவிட்டார்.

“இப்பொழுது இரண்டுக்கும் தீன் போடவேண்டியிருக்கிறதே?” என்று கேட்டேன்.

“ஓம் ஐயா. தவிடுதான் விலை,” என்று கூறிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.