நான்காவது கம்பி

வீட்டின் பிரதான மின்பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓரிடத்தில் மாத்திரம் இணையலாம் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த விதியின் தாத்பரியம் முழுவதும் விளங்க வேண்டுமானால், அமெரிக்கர்கள் வீட்டுக்குப் பின்புறம் தோட்டத்தின் கோடியில் தனியே கட்டிவைத்திருக்கும் கார்க் கொட்டகைக்குள் நாம் நுழைந்தாக வேண்டும். கார் நிறுத்துவதற்கென்று எழுந்த அந்தக் கட்டடம், காலக்கிரமத்தில் மரமறுக்கும் இயந்திரமும் வெல்டிங் மெஷினும் கம்ப்ரஸரும் குடிபுகுந்து, இப்போது மின்சாரக் காருக்கான சார்ஜரும் வந்து சேர்ந்து, தனக்கென்று ஒரு கிளைப்பெட்டியைக் கோருகிற நிலையை அடைந்துவிட்டது.

கிளைப்பெட்டியை மாட்டி, அருகே எட்டடி நீள எர்த் ராடு ஒன்றைத் தரையில் அடித்து இறக்கி, பெட்டியை அதனோடு பிணைத்துவிட்டால், மிச்சத்தைப் பூமாதேவி பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறவர்கள் அங்கே அநேகர். ராடு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 1897 முதல் அந்நாட்டில் வழங்கிவரும் ‘நேஷனல் எலெக்ட்ரிகல் கோட்’ என்ற விதிநூலே, கிளைப்பெட்டி வைத்த தனிக் கட்டடத்துக்கு எர்த் ராடு போன்ற தரையிணைப்பு வேண்டுமென விதித்து, ஒற்றை ராடின் தடை 25 ஓமுக்கு மேற்படாதென்று காட்ட இயலாவிடில் ஆறடியாவது தள்ளி இன்னொன்றையும் இறக்கச் சொல்கிறது. ஆனால் அந்த ராடு முக்கியமாக மின்னலுக்கும், வெளிக் கம்பிகளின் வழியே திடீரென்று வந்து பாயும் உயர் அழுத்தத்துக்கும் வழிவிட ஏற்பட்டதே தவிர, கொட்டகைக்குள் நேரும் கோளாறுக்குப் பரிகாரம் அன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். துளையிடும் இயந்திரத்தினுள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து, 120 வோல்ட் அதன் இரும்பு உடலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ராடு ஒன்றே கதியென்றால், 25 ஓம் தடையின் வழியே போகக்கூடியது அதிகபட்சம் 4.8 ஆம்பியர், 20 ஆம்பியர் பிரேக்கர் அதை ஏதோ நாலைந்து விளக்குகளின் பாரமென்று எண்ணி அசையாமல் இருந்துவிட, இயந்திரத்தின் உடல் மின்னேற்றம் கொண்டபடியே, ஈரம் படிந்த கான்கிரீட் தரையில் நின்று அதைத் தொடப்போகிறவருக்காகக் காத்திருக்கும். மண் மின்சாரத்தை உடனே விழுங்கிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பிழையானது.

பிரேக்கர் விழ வேண்டுமானால், தவறிப் பாய்ந்த மின்சாரம் தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்குத் தங்குதடையின்றித் திரும்ப வேண்டும். அப்போதுதான் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே வீச்சில் ஓடி, பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். இதற்காகவே வீட்டிலிருந்து கொட்டகைக்கு இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல் என்ற மூன்றோடு, எர்த் என்ற நான்காவது கம்பியும் போயாக வேண்டும். 60 ஆம்பியர் இணைப்புக்குப் பத்தாம் நம்பர் செம்புக் கம்பி இந்தப் பணிக்குப் போதுமானது.

பெட்டியின் மூடியைக் கழற்றினால், நியூட்ரல் பட்டை பிளாஸ்டிக் தாங்கிகளின்மேல், இரும்பு உடலைத் தொடாமல் அமர்ந்திருப்பதைக் காணலாம். அதை உடலோடு இணைப்பதற்கென்று பச்சை நிறத் திருகாணி ஒன்று பெட்டியோடு வருவதுண்டு. கிளைப்பெட்டியில் அதை முடுக்கலாகாது, முடுக்கியிருந்தால் கழற்றிவிட வேண்டும், எர்த் கம்பிகளுக்குத் தனிப் பட்டை வைக்க வேண்டும். முடுக்கிவிட்டாலும் விளக்கு எரியும், மோட்டார் சுழலும், ஒரு குறையும் புலப்படாது. அபாயமே அதில்தான் இருக்கிறது. நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தின் ஒரு பங்கு எர்த் கம்பியிலும், தண்ணீர்க் குழாயிலும், வழியில் அகப்பட்ட உலோகமனைத்திலும் சதாகாலமும் ஓடிக்கொண்டிருக்கும்.

முற்காலத்தில் மூன்றே கம்பி இழுத்து, கொட்டகையிலேயே நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் முறைக்கு விதிநூலே இடங்கொடுத்திருந்தது. செம்பை மிச்சம் பிடித்த அந்தச் சிக்கனத்தை நான் மெச்சமாட்டேன். ஏனெனில் நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், பெட்டி முதல் அங்குள்ள ஒவ்வொரு இயந்திரத்தின் உடல் வரை மின்னேறிவிடும். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு புதிய இணைப்புகளுக்கு நான்காவது கம்பியைக் கட்டாயமாக்கி, பழையவற்றை மட்டும், வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே இணைக்கப்பட்ட வேறு உலோகத் தொடர்ச்சி எதுவும் இல்லாத பட்சத்தில், விட்டுவைத்தது. ஆகவே, பழைய மூன்று கம்பிக் கொட்டகை உடைய வாசகர்கள், அங்கே உலோகத் தண்ணீர்க் குழாயையோ டெலிவிஷன் கேபிளையோ கொண்டுபோகுமுன், லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து நான்காவது கம்பியை இழுத்துக்கொள்ள வேண்டுகிறேன்; குழாய் போய்ச் சேர்ந்த அன்றே அந்தச் சலுகை அற்றுப்போகிறது.