ஒரே கணினி, இரண்டு வேலை: 'டூ-இன்-ஒன்' உங்களுக்குத் தேவையா?

மடிக்கணினியா, கைக்கணினியா?

ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வரும். கடைக்குப் போனால் மூன்றாவதாக ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். "இதுல ரெண்டுமே இருக்கு!"

அதுதான் 'டூ-இன்-ஒன்'. விசைப்பலகையோடு இருந்தால் மடிக்கணினி. அதைக் கழற்றினால், அல்லது முழுசாகப் பின்னால் மடக்கினால், கைக்கணினி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூன்று வருடப் படிப்புக்குத் தாங்க வேண்டிய சாதனம் இது. பெரும்பாலும் அப்பா அம்மா காசு வேறு!

ஆசை எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைக்க வேண்டும் என்ற திட்டம் முதலில் 2028க்குத்தான் வகுக்கப்பட்டது. கிருமிப்பரவல் வந்ததால் அது 2021க்கு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டது. திரையைத் தொட்டும், அதில் எழுதியும் படித்த கைகள், தொட்டால் ஒன்றும் நடக்காத மடிக்கணினிக்குத் திரும்பத் தயங்கத்தானே செய்யும்?

தொடக்கத்தில் இந்தச் சாதனம் அடி வாங்கியது. 2012இல் மைக்ரோசாஃப்ட் 'சர்ஃபேஸ் ஆர்டி'யை வெளியிட்டது. பார்க்க அழகு. ஆனால் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை அதில் நிறுவ முடியாது. வாங்க ஆளில்லாமல் தேங்கியதால், அடுத்த ஆண்டே 900 மில்லியன் டாலரை நட்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. அதே 2012இல் ஆப்பிளின் டிம் குக், ரொட்டி வாட்டும் கருவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒன்றாக்கினால் யாருக்குப் பிடிக்கும் என்ற பாணியில் கிண்டலடித்தார். 2015இல் ஆப்பிளே விசைப்பலகையும் பேனாவும் பொருத்தக்கூடிய 'ஐபேட் புரோ'வைக் கொண்டுவந்தது!

மடியில் நிற்குமா?

கழற்றும் ரகத்தில் கணினியின் முக்கியப் பாகங்களும் மின்கலனும் திரைக்குப் பின்னால் இருக்கும். விசைப்பலகை கிட்டத்தட்ட ஒரு மூடி மாதிரிதான். மேசையில் வைத்தால் பின்னால் இருக்கும் முட்டுக்கால் தாங்கிக்கொள்ளும். எம்ஆர்டியில் மடியில் வைத்துத் தட்டச்சு செய்து பாருங்கள், தெரியும்! முட்டுக்கால் முழங்கால் பக்கம் வழுக்கும், திரை சாயும்.

லெனோவோ 'யோகா' போன்ற, 360 பாகை மடங்கும் ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை. மடியில் அசையாமல் நிற்கும். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் படிப்பீர்கள்?

பேனா முக்கியம்

எங்களைக் கேட்டால், இதற்குக் கூடுதல் காசு கொடுக்க உருப்படியான காரணம் பேனா ஒன்றுதான். கணக்குச் சமன்பாடு, மின்சுற்றுப் படம், ரசாயன அமைப்பு... இதையெல்லாம் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் விரிவுரையே முடிந்துவிடும். கையால் எழுதினால் சில விநாடி. வடிவமைப்பு படிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கட்டுரையும் மின்னஞ்சலும்தான் உங்கள் வேலை என்றால், அதே காசுக்கு இன்னும் வேகமான சாதாரண மடிக்கணினி கிடைக்கும்.

விலையிலும் கவனம் தேவை. கழற்றும் ரகத்தில் விளம்பரத்தில் பார்க்கும் தொகைக்குப் பெரும்பாலும் திரை மட்டும்தான் வரும். விசைப்பலகையும் பேனாவும் தனிக் காசு. மூன்றையும் கூட்டிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் மென்பொருள். 'சாலிட்வொர்க்ஸ்' போன்ற பொறியியல் மென்பொருள் ஐபேடில் இயங்காது. விண்டோஸ் சாதனத்திலும் 'ஆர்ம்' வகைச் சில்லு இருந்தால் சில மென்பொருள்கள் மக்கர் பண்ணலாம். அதனால் உங்கள் துறை கேட்கும் கணினி விவரத்தை முதலில் வாங்கிப் படியுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

கடையில் நின்றுகொண்டே பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு நாற்காலி கேளுங்கள். மடியில் வைத்து நாலு வரி தட்டச்சு செய்யுங்கள். பிறகு உள்ளங்கையைத் திரையில் ஊன்றி, உங்கள் பெயரைத் தமிழில் வேகமாக எழுதுங்கள். சுழிகளில் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.