பழைய கம்ப்யூட்டருக்கு வேகமான டிரைவ்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டர் நம்மில் பலர் வீட்டில் ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காப்பி குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கடைக்காரரைக் கேட்டால், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்பார். கல்லூரிக்குப் போகும் பையனைக் கேட்டால், "எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும்" என்பான். பையன் சொல்வதுதான் சரி. ஆனால் எந்த எஸ்.எஸ்.டி. என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவழித்து, கடைசியில் நல்ல கம்ப்யூட்டரையே கெட்டுப்போனதாக நினைத்துக் கழித்துக் கட்டுபவர்களும் உண்டு.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என் தொழில் அல்ல. ஆனால் ஒரு சாதனம் ஓடவில்லை என்றால், அதை மாற்றுவதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த முறையிலேயே இந்த விஷயத்தையும் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் கண் விழிப்பது எப்படி?

சுவிட்சைப் போட்ட நொடியில் பிராசஸருக்கு விண்டோஸ் எங்கே இருக்கிறது, டிஸ்க் எங்கே இருக்கிறது என்பது எதுவும் தெரியாது. மதர்போர்டில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதில் எழுதி வைத்துள்ள புரோகிராமுக்கு பயாஸ் என்று பெயர். 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்த காலத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது. பிராசஸர் முதலில் படிப்பது இதைத்தான். பயாஸ் முதலில் மெமரி, கீபோர்டு முதலியவற்றைச் சோதிக்கிறது. பிறகு நாம் குறித்துவைத்த வரிசைப்படி டிஸ்க்குகளைத் தேடுகிறது. கிடைத்த டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதிலுள்ள சிறிய புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்தச் சிறியது தன்னைவிடப் பெரிய ஒன்றை ஏற்றுகிறது. அது விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றுகிறது. இப்படிப் படிப்படியாக எழுவதைத்தான் பூட் ஆவது என்கிறோம். பிற்காலத்தில் பயாஸின் இடத்துக்கு யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை வந்தது. படிகள் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு அந்தக் கருவியின் மொழி தெரிந்த டிரைவர் என்னும் புரோகிராம் வேண்டும். விண்டோஸுக்குள் அத்தகைய டிரைவர்கள் ஏராளம். ஆனால் விண்டோஸ் எழும் வரை அவை எதுவும் உதவிக்கு வர முடியாது. அதுவரை அந்தச் சிறிய சிப்புக்குள் எழுதி வைத்திருப்பது மட்டுமே கைகொடுக்கும்.

புதிய டிரைவ் ஏன் தெரிவதில்லை?

எஸ்.எஸ்.டி.யில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பழைய ஹார்ட் டிஸ்க் போலவே சாட்டா கேபிளில் மாட்டுவது. மற்றது என்.வி.எம்.இ. என்பது. பார்ப்பதற்குச் சூயிங்கம் பட்டை போல இருக்கும். 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். இது சாட்டா வழியை விட்டுவிட்டு, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் அகலப் பாதையில் நேரே பிராசஸரோடு பேசுகிறது. என்.வி.எம்.இ. முறையின் முதல் விதித் தொகுப்பு வெளிவந்தது 2011 மார்ச்சில். அது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே 2011, 2012, 2013-இல் செய்த மதர்போர்டுகளின் சிப்பில் இந்த டிரைவர் பொதுவாக இருக்காது.

மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ் வண்டி வந்து நிற்க முடியாது. அதனால் வண்டியும் பழுதல்ல, ஸ்டேஷனும் பழுதல்ல. இரண்டுக்கும் நடுவே சரக்கை மாற்றி ஏற்றும் யார்டு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் சொசைட்டியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார். அவர் 2012-இல் வாங்கிய கம்ப்யூட்டரில்தான் குடும்பப் போட்டோக்கள், ஊர் நிலத்துப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் அதுதான் கம்ப்யூட்டர். வேகமாகும் என்று ஒரு என்.வி.எம்.இ. டிரைவையும் அதைச் செருகும் அடாப்டர் கார்டையும் வாங்கிவந்து மாட்டினார்கள். பூட் பட்டியலில் அது வரவே இல்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டியதில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

"மாமா, போர்டே போயிடுச்சாம். புதுசுதான் வாங்கணுமாம்" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்.

பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாட்டி விண்டோஸை எழுப்பிப் பார்த்தோம். உள்ளே போனதும் புது டிரைவ் ஒழுங்காகத் தெரிந்தது. ஃபைலைக் காப்பி செய்தால் வேகமாகப் பாய்ந்தது. அதாவது போர்டு நலம், கார்டு நலம், டிரைவும் நலம். பயாஸுக்கு மட்டும் அதன் மொழி தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு இதுதான் உதாரணம்.

உங்கள் கம்ப்யூட்டரின் வயது என்ன?

இன்டெல் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்றால் அதன் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2-இல் தொடங்கினால் 2011-ஐ ஒட்டியது; 3 என்றால் 2012; 4 என்றால் 2013. இவற்றில் பெரும்பாலானவை என்.வி.எம்.இ.யிலிருந்து தானாகப் பூட் ஆகா. 2014-இல் வந்த இஸட்97 போன்ற சில போர்டுகளுக்குத் தயாரிப்பாளரே பயாஸ் புதுப்பிப்பு கொடுத்து இந்த வசதியைச் சேர்த்தார்கள். 2015-இல் வந்த, 6-இல் தொடங்கும் எண் உடையவற்றிலிருந்து இது பொதுவாகச் சிப்பிலேயே இருக்கிறது. கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் என்.வி.எம்.இ.யில் பூட் செய்யும் ஆசையையே விட்டுவிடலாம்.

வீட்டுக்கு ஏற்ற வழி

பழைய கம்ப்யூட்டருக்குச் சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. வேண்டிய இடம் ஊசிமுனைக்கு வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலு மில்லி செகண்டு காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் சுமார் எட்டு. ஆக ஒரு முறை தேடிப் படிக்க 12 மில்லி செகண்டு. விண்டோஸ் எழும்போது படிப்பவை பெரும்பாலும் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள். பத்தாயிரம் முறை தேடுகிறது என்று வைத்துக்கொண்டால் 120 செகண்டு, முழுதாக இரண்டு நிமிடம் தேடலுக்கே போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு தேடலுக்குச் சுமார் 0.1 மில்லி செகண்டு என்றால், அதே பத்தாயிரம் தேடல் ஒரே செகண்டில் முடிந்துவிடும்.

இப்போது சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போனால் மிச்சமாவது அந்த ஒரு செகண்டில் ஒரு பகுதிதான். இரண்டு நிமிடத்தை ஒரு செகண்டாக்கிய பிறகு அதை அரை செகண்டாக்கி என்ன செய்யப் போகிறோம்? சாட்டா இரண்டாம் தலைமுறையில் நொடிக்கு 300 எம்.பி.யும் மூன்றாம் தலைமுறையில் 600 எம்.பி.யும் உச்ச வரம்பு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் நான்கு தடத்தில் கிட்டத்தட்ட 4,000 எம்.பி. போகலாம் என்பது உண்மை. பெரிய வீடியோ ஃபைல்களை வெட்டி ஒட்டுபவர்களுக்கு அது பயன்படும். பையனின் பாடத்துக்கும் பாங்கு வேலைக்கும் வித்தியாசம் தெரியாது.

மேலே சொன்ன குடும்பத்துக்கும் இதையே செய்தோம். சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றில் ஆபரேட்டிங் சிஸ்டம். ஏற்கெனவே வாங்கிவிட்ட என்.வி.எம்.இ.யில் போட்டோக்களும் பாடங்களும். இரண்டும் வீணாகவில்லை.

பேங்கர் எஞ்சின் வழி

என்.வி.எம்.இ.யிலிருந்துதான் எழ வேண்டும் என்று விரும்புபவர்களுக்கும் வழி உண்டு. இங்கிருந்து சென்னைக்குப் போகும் மெயிலில் கர்ஜத்தில் வடை வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். போர் காட் ஏற்றம் 37-க்கு 1 என்ற செங்குத்து. அதனால் கர்ஜத்தில் வண்டியின் பின்னால் பேங்கர் எஞ்சின்களைச் சேர்த்து மேலே தள்ளுவது நெடுங்கால வழக்கம். மலை ஏறியதும் அவை கழன்றுகொள்ளும். வண்டி தன் எஞ்சினிலேயே சென்னை வரை போகும்.

அதுபோல ஒரு சிறிய பென் டிரைவை வைத்துக்கொள்ளலாம். க்ளோவர் என்ற இலவசப் பூட் புரோகிராமையும் என்.வி.எம்.இ. டிரைவரையும் அதில் எழுதிவிட வேண்டும். பயாஸுக்குப் பென் டிரைவைப் படிக்கத் தெரியும். அது க்ளோவரை எழுப்பும், க்ளோவர் என்.வி.எம்.இ.யை அடையாளம் கண்டு அங்குள்ள விண்டோஸை எழுப்பும். அதன் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரில் ஓடும். லினக்ஸ் என்றால் இன்னும் சுலபம். பூட் பகுதியை மட்டும் பழைய டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வைத்து, மற்றதையெல்லாம் என்.வி.எம்.இ.யில் நிறுவலாம். பூட் செய்யும் புரோகிராமைத் தன்னுள்ளேயே சுமந்து வந்த டிரைவும் ஒன்று உண்டு. சாம்சங் 2015-இல் வெளியிட்ட 950 ப்ரோ. பழையதாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடாப்டர் கார்டு வாங்கும்போது நான்கு தடக் கார்டாகப் பார்த்து வாங்கி, நீளமான ஸ்லாட்டில் செருகுங்கள். சின்ன ஒற்றைத் தட ஸ்லாட்டுக்கு உரிய கார்டு என்றால், இரண்டாம் தலைமுறைப் போர்டில் நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல் போகாது. சாட்டாவே தேவலை என்றாகிவிடும். இன்னொன்று, பட்டை வடிவில் இருப்பதெல்லாம் என்.வி.எம்.இ. அல்ல. அதே வடிவில் சாட்டா டிரைவும் விற்கிறார்கள். லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பயாஸ் சிப்பிலுள்ள புரோகிராமையே திருத்தி, டிரைவரைச் சேர்த்து எழுதும் வழியும் ஒன்று இருக்கிறது. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நடுவில் மின்சாரம் போனாலோ ஃபைல் சற்றுப் பிசகினாலோ கம்ப்யூட்டர் மறுபடி எழாது. அப்போது கடைக்காரர் சொல்வது உண்மையாகிவிடும்!

மறக்கக் கூடாதவை

வேலையைத் தொடங்கும் முன் போட்டோ, பத்திரம் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதமாவது பீரோவில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக் கூடும். அழிந்ததை மீட்பதும் கடினம்.

மதர்போர்டிலுள்ள 2032 எண் பட்டன் செல்லை மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் தேதி பின்னோக்கிப் போய்விடும், பூட் வரிசையும் மறந்துபோகும். பழி புது டிரைவின் மேல் விழும். தேதி தவறாக இருந்தால் பாங்கு வெப்சைட்டுகளும் திறக்க மறுக்கும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. எனவே இத்தகைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸே நல்லது. லினக்ஸ் மின்ட் இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. இரண்டும் இலவசம்; இரண்டிலும் தமிழில் டைப் செய்யலாம்.

சரியாக ஓடக்கூடிய ஒரு பொருளைக் குப்பையில் போடுவது பண நஷ்டம் மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் போட்டோவும் பத்திரமும் பல சமயம் அதோடு போய்விடுகின்றன. ஆகவே "போர்டு போய்விட்டது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். சந்தேகம் உள்ள அன்பர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது பிராசஸர் எண்ணையும் மதர்போர்டு மாடலையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.