செல்போன் காட்டும் எல்லையை நம்பலாமா?

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் பயிரிடும் விவசாயிகள் சிலர், தோட்டத்தின் எல்லையைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்கின்றனர். வேலி போடுமுன் அதன் துல்லியம் எவ்வளவு என்று அறிவது நல்லது.

செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலி அலை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. நேரத்தில் ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 30 மீட்டர் பிழை வரும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அது நிறுத்தப்பட்ட பின் துல்லியம் பெருகியது. ஆயினும் வளிமண்டலத்தின் மேலடுக்கு அலையைத் தாமதப்படுத்துகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் இத்தொல்லை அதிகம்.

இதைத் திருத்தவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் 'ககன்' திட்டத்தை அமைத்தன. இடம் துல்லியமாகத் தெரிந்த தரை நிலையங்கள் பிழையைக் கண்டறிகின்றன. திருத்தம் செயற்கைக்கோள் வழியே அனுப்பப்படுகிறது. விமானங்களுக்காக ஏற்பட்ட இதை, ஏற்ற கருவி உள்ள எவரும் பயன்படுத்தலாம். பிழை சுமார் 3 மீட்டராகக் குறையும்.

திறந்த வெளியில் சாதாரண செல்போன் சுமார் 5 மீட்டர் பிசகும். 100 மீட்டர் நீள எல்லை 5 மீட்டர் தள்ளினால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்கு மேல் நிலம் கைமாறும். மலைச்சரிவு வானத்தை மறைப்பதாலும் இலைகள் அலையைத் தடுப்பதாலும் தோட்டத்துக்குள் பிழை இன்னும் கூடும்.

நில அளவையில் ஒரு கருவியை இடம் தெரிந்த புள்ளியில் நிறுத்தி, மற்றொன்றை எல்லை நெடுகக் கொண்டு செல்வர். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பிழை வருவதால் அதைக் கழித்துவிடலாம். பிழை சில சென்டிமீட்டரே. அடர்ந்த நிழலில் இதுவும் தடுமாறும். அங்கு டோட்டல் ஸ்டேஷன் கருவி உதவும்.

கவனிக்க வேண்டியவை:

1. உரம், மருந்து அளவுக்குப் பரப்பை மதிப்பிடச் செல்போன் போதும்.

2. வானம் தெரியும் இடத்தில் சிறிது நேரம் நின்று அளவு எடுக்கவும்.

3. எல்லைத் தகராறுக்குப் புலப்படமும் சர்வே கல்லுமே ஆதாரம். உரிய கட்டணம் செலுத்தி, சர்வேயரைக் கொண்டு அளந்த பிறகே வேலி போடவும், மரம் வெட்டவும்.